நம்ம பசங்க

"அவரு பாட்டப் பத்திப் பேசறத வச்சு நீ நோவக் கண்டுபுடிச்சிருவியா? போ பாப்பா, ரீல் சுத்தாத" என்றார் அப்பா. களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்த கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அம்மா சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வரை போய்ப் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். அதுவும் இயற்பியலில். கண்ணால் பார்த்துச் சரிபார்க்காத எதையும் நான் வீட்டில் வந்து சொல்வதில்லை.

"நாளைக்கு ஒரு கேஸ் வரட்டும். ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே நான் சொல்றேன் பாரு" என்றேன்.

"சொல்லு, சொல்லு. அப்புறம் டாக்டருக்கு இன்னா வேல?" என்று அப்பா இருமிக்கொண்டே சிரித்தார். விழுப்புரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் அவர். அந்த இருமலை நாங்கள் மல்லாட்டைத் தூசு, நிலக்கடலை மூட்டையில் கிளம்புகிற தூசு, என்றே நினைத்திருந்தோம்.

பேச்சில் அடிபட்ட அந்த 'அவர்', நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரின் டெக்னீஷியன். திண்டிவனத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த சென்டர். நான் வரவேற்பில் இருந்தேன். நோயாளிகளுக்கு உடை மாற்றிவிட்டு உள்ளே அனுப்ப ஆரோக்கியமேரி அக்கா இருந்தார். உள்ளே குளிர் அறையில் அவர் இருந்தார். வெளியே தார் உருகும் வெயில் அடிக்கும்போதும் அவர் மரூன் கலர் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். டீ குடிக்கக் கீழே இறங்கும்போதும் அதே ஸ்வெட்டர்தான். டீக்கடையில் இருப்பவர்கள் அவரைப் பார்த்தாலே தங்களுக்கு வேர்க்கிறது என்பார்கள்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பேச்சு என்று வந்தால் அவருக்கு ஒரே விஷயம்தான் இருந்தது. இங்கிலாந்தில் அரை நூற்றாண்டுக்கு முன்னால் கூடி, பிரிந்து, மறுபடி கூடிய ஒரு ராக் இசைக்குழு. அந்த வகைப் பாட்டுக்கு 'புராக்ரஸிவ் ராக்' என்று பெயராம். "நாங்க சுருக்கமா புராக்னு சொல்லுவோம்" என்பார். அந்த 'நாங்க'வில் திண்டிவனம் முழுக்க அவர் ஒருவர்தான் இருந்தார். குழுவின் பெயரைக்கூட அவர் அதிகம் உச்சரித்ததில்லை. "நம்ம பசங்க" என்றுதான் சொல்வார். அந்தப் பசங்களில் உயிரோடு இருக்கிறவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

நம்ம பசங்களின் பாட்டு ஒன்று அரைமணி நேரம்கூடப் போகும். பாதிக்கு மேல் யாரும் வாய் திறந்து பாட மாட்டார்கள். ஒரே பாட்டுக்குள் பல துண்டுகள், ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர். அதைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. ஆர்கன் பெட்டியை வேனிலிருந்து இறக்கும்போது கீழே போட்டு ஒரு கட்டை அமுங்காமல் போனதும், அந்த ஒரு ஸ்வரம் வராதபடியே ஒரு முழுப் பாட்டைக் கட்டியதும் அவருக்குத் தெரியும். இன்னொரு பாட்டில் பாடகர் கிசுகிசுவென்று பாடுவாராம். உலகம் முழுக்க அதை ஒரு புது பாணி என்று கொண்டாடினார்கள். "அன்னிக்கு அவருக்குத் தொண்ட கட்டிக்கினு இருந்துச்சி. அவ்ளோதான் விஷயம்" என்பார் இவர். புல்லாங்குழல் வாசித்தவர் ஒரு நாள் குழலைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுப் பல் மருத்துவம் படிக்கப் போனார். ஆர்கன்காரரும் கிட்டார்காரரும் பல வருடம் ஒருவரோடொருவர் பேசாமல், ஒரே மேடையில் தப்பில்லாமல் வாசித்தார்கள். "பேசறதுக்குத்தான் வாய் வேணும். வாசிக்கறதுக்கு காது போதும்மா" என்பார்.

ஏழு எண்ணிக்கையில் தாளம் போகும் பாட்டு ஒன்று உண்டாம். கம்ப்யூட்டர் மேசையில் விரலால் தட்டிக் காட்டுவார். "இத இன்னாமோ அவங்களே கண்டுபுடிச்ச மாதிரி அங்க ஆடுனாங்க. நம்மூரு தவில்காரரு தூங்கிக்கினே வாசிப்பாரு." நம்ம பசங்களைக் கிண்டல் செய்ய அவருக்கு மட்டும் உரிமை இருந்தது. நான் ஒருமுறை, "அரமணி நேரம் பாட்டு கேக்கறதுக்குள்ள நான் விழுப்புரமே போய்ச் சேந்துருவேன் சார்" என்றபோது முகம் வாடிவிட்டது. மறுநாள் ஒரு இயர்போனை என்னிடம் நீட்டினார். கேட்டேன். ஆளில்லாத வீட்டில் யாரோ பீரோவை நகர்த்துவதுபோல இருந்தது. சில நிமிடங்களில் கழற்றிக் கொடுத்துவிட்டேன். "பரவால்லம்மா. எனக்கே புடிக்கறதுக்கு ரொம்ப நாள் ஆச்சி" என்று சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

தன்னைப் பற்றி அவர் பேசியதில்லை. ஆரோக்கியமேரி அக்கா ஒருமுறை நேராகவே கேட்டார்.

"சார், உங்களுக்கு கல்யாணம் ஆயிடுச்சா இல்லியா? அதயாவது சொல்லுங்களேன்."

"நம்ம பசங்கள்ல மூணு பேருக்கு ஆச்சி மேரி. ரெண்டு பேருக்கு நிலைக்கல."

"நான் உங்களக் கேட்டேன் சார்."

"அதான் சொன்னனே" என்று உள்ளே போய்விட்டார். அது எந்தக் கணக்கில் சேரும் என்று நானும் அக்காவும் மத்தியானம் முழுக்கப் பேசினோம்.

அவருக்குச் சொந்த ஊர் குயிலாப்பாளையம். அவருடைய அம்மா பக்கத்தில் ஆரோவில்லில் ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அந்த மனிதர் ஊருக்கே திரும்பிப் போனபோது ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டுகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். "ரெண்டு நாயையும் விட்டுட்டுப் போனாரு. நாய வேற யாரோ எடுத்துக்கினாங்க" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த சுயசரிதை முழுக்க அவ்வளவுதான்.

அவர் வேலையில் ஒரு விதி இருந்தது. படத்தை முதலில் பார்ப்பவர் டெக்னீஷியன். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று வாய் திறக்கக் கூடாது. படம் பாண்டிச்சேரியில் இருக்கும் ஒரு டாக்டரின் கம்ப்யூட்டருக்குப் போகும். மறுநாள் அந்த டாக்டரின் கையெழுத்தோடு ரிப்போர்ட் வரும். அதுவரைக்கும் நோயாளியோடு வந்தவர்கள் விட மாட்டார்கள். கதவு திறந்ததும் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். சிலர் காலில் விழுவார்கள். "ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க சார், நல்லதா கெட்டதா" என்பார்கள். வேறு யாராக இருந்தாலும் 'எனக்குத் தெரியாது' என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். அவரால் அது முடியாது. எதிரில் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது பேசாமல் போகவும் வராது, சொல்லக் கூடாததைச் சொல்லவும் வராது. அதனால் நம்ம பசங்களைப் பற்றிப் பேசுவார்.

"டாக்டரு சொல்வாரும்மா. நீங்க உக்காருங்க. ஒரு தபா நம்ம பசங்க ஒரு ஊருக்கு வாசிக்கப் போனாங்க..."

"இன்னாய்யா இது, நான் எங்க அம்மாவப் பத்திக் கேட்டா நீ எந்தப் பசங்களப் பத்திச் சொல்ற?" என்று ஒருத்தர் சட்டைக் காலரையே பிடித்துவிட்டார். இவர் காலரைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து மீதியைச் சொல்லி முடித்தார். பிடித்தவர் கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். வேறு என்ன செய்வது?

அந்தப் பேச்சில் ஒரு ஒழுங்கு இருப்பதை முதலில் கவனித்தது ஆரோக்கியமேரி அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு இளைஞன் தலைவலி என்று வந்திருந்தான். படம் எடுத்து வெளியே வந்தவர் அவன் மனைவியிடம், புல்லாங்குழல்காரர் பெட்டியை மூடிவைத்துவிட்டுப் போன கதையைச் சொன்னார். அக்கா என் மேசைக்கு வந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "பாவம் அந்தப் பொண்ணு. புல்லாங்குழல் கத வந்தா நல்லா இருக்காதுடி. நீ வேணா பாரு." மறுநாள் ரிப்போர்ட் வந்தது. நல்லா இல்லை.

அதன் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். முதல் ரெக்கார்டு காலத்துக் கதைகள், கீழே விழுந்த ஆர்கன், தொண்டை கட்டிய பாடகர், இதெல்லாம் வந்தால் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும். யாராவது குழுவை விட்டுப் போன கதை, பேசாமல் இருந்த கதை, கடைசி ரெக்கார்டைப் பற்றிய கதை வந்தால் கெட்ட செய்தி. ஒவ்வொரு நோயாளியிடமும் மனதுக்குள் ஒரு முடிவு எழுதி வைப்பேன். மறுநாள் ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் வயிற்று வலியோடு வந்தபோது, ஆர்கன் விழுந்த கதையைக் கேட்டதுமே "போய் நிம்மதியா சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டேன். அது நடந்த அன்றுதான் வீட்டில் பெருமையடித்தேன். அப்பா நம்பவில்லை. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று நான் சொன்னதெல்லாம் பலித்ததாகக் கேட்டபின் அவருக்கே சுவாரசியம் வந்துவிட்டது. நான் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே கேட்பார்:

"இன்னிக்கு இன்னா கத பாப்பா? குழல்காரனா, பொட்டி உழுந்ததா?"

கதை சொன்ன டெக்னீஷியனுக்கு இது எதுவும் தெரியாது என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. தெரிந்தே ஜாடையாகச் சொல்கிறார், விதியையும் மீறாமல் மனிதர்களையும் கைவிடாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். அந்தப் புத்திசாலித்தனம் எனக்குப் பிடித்திருந்தது.

அரசுத் தேர்வு ஒன்றுக்கு நான் படித்துக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு முன்னால் விடுப்பு எடுத்து வீட்டில் உட்கார்ந்து படிப்பதாக ஏற்பாடு. அதற்குள் அப்பாவின் இருமலில் ஒரு நாள் ரத்தம் வந்தது. அவர் அதை மறைக்கப் பார்த்தார், அம்மா துண்டைத் துவைக்கும்போது பார்த்துவிட்டாள். விடுப்புக்கு முந்தின நாள் அப்பாவை என்னோடு திண்டிவனம் அழைத்துப் போனேன். சென்டரின் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு, முதுகில் முடிச்சு போட முடியாமல், "இன்னாடா இது, பொம்பள கவுனு" என்று ஆரோக்கியமேரி அக்காவைச் சிரிக்கவைத்துவிட்டு உள்ளே போனார். கதவு மூடியது. "மூச்ச இழுங்க... புடிங்க... விடுங்க" என்ற டெக்னீஷியனின் குரல் வழக்கம்போல் வெளியே கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்தவரை நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பதுதானே என் கண்டுபிடிப்பு. அவர் என் மேசைக்கு முன்னால் நின்று சொன்னார்:

"மொத ரெக்கார்டு எடுத்தது ஆர்கன்காரரு வீட்டுலதாம்மா. பக்கத்து ரூம்ல அவங்கம்மா தையல் மெஷின் ஓட்டிக்கினு இருந்தாங்க. அந்தச் சத்தம் ரெக்கார்டுல உழுந்துருச்சி. நல்லா இருக்குதேன்னு அப்படியே உட்டுட்டாங்க. இன்னிக்கும் பாட்டு தொடங்கறப்ப தையல் மெஷின் கேக்கும்."

நான் கண்ணை மூடித் திறந்தேன். முதல் ரெக்கார்டு. அம்மா. தையல் மெஷின். இதைவிட நல்ல கதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது இவர் அதே கதையை மறுபடியும் ஒருமுறை சொன்னார். சொன்னதைத் திரும்பச் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. "ரிப்போர்ட் வந்தா நானே அப்பாகிட்ட குடுத்துடறேன். நீ படி" என்றார். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த அப்பா, "இன்னா பாப்பா, நல்ல கதைதானே?" என்று கேட்டார். "ரொம்ப நல்ல கதப்பா" என்றேன். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

விடுப்பு முழுக்கப் படித்தேன். அப்பா காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார், சில நாள் பொழுது சாய்வதற்குள்ளேயே திரும்பிவிடுவார். "மூட்ட வரத்து கம்மி" என்பார். தேர்வை எழுதினேன். நன்றாக எழுதினேன்.

தேர்வு முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. டிவியில் ஏதோ ஒரு மெல்லிசைக் குழுவின் நிகழ்ச்சி ஓடியது. அதில் டிரம்ஸ் வாசித்தவருக்கு உடம்பு சரியில்லை என்று வேறொருவரை உட்கார வைத்திருப்பதாக அறிவித்தார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

"மோளக்காரன் போயிட்டா கூட்டம் கலைஞ்சிரும்னுதான் எல்லாரும் நெனப்பாங்க. ஆட்டுப் பண்ணையப் பாத்துக்கறேன்னு பாதியில போயிட்டான் அவன். இவங்க மோளமே இல்லாம ஒரு ரெக்கார்டு போட்டாங்க, தெரியுமா?"

"யாரு?"

"நம்ம பசங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். டிரம்ஸ்காரரின் ஆட்டுப் பண்ணையைப் பற்றி நான் ஒருபோதும் வீட்டில் சொன்னதில்லை. நானே கேள்விப்பட்டதில்லை. சென்டரில் யாரும் கேட்டதில்லை.

"உனக்கு யார்ப்பா சொன்னது?"

அப்பா டிவியைப் பார்த்தார். சமையலறையில் அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். அந்த அமைதியிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"அவருதாம்மா" என்றார் அப்பா. "முண்டியம்பாக்கம் கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு அவருதான் கூட்டிக்கினு போறாரு. லீவு போட்டுட்டு வந்துருவாரு. வரிசையில நிக்கறப்ப, பெஞ்சில உக்காந்துக்கினு இருக்கறப்ப, கத சொல்லுவாரு. மொதல்லேர்ந்து. நல்லா சொல்றாரு பாப்பா. நோவே தெரியாது."

"இன்னா நோவு?"

"நெஞ்சுல கட்டி. நீ படிச்சு முடிக்கட்டும்னுதான்..."

அம்மா வாசலில் வந்து நின்றாள். "நான்தான் சொல்ல வேணாம்னேன். அவரத் திட்டாத" என்றாள். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பேர், சோறு போட்டு, விளக்கைப் போட்டு, நான் படிக்கும் அறைக்கதவைச் சாத்திவிட்டு, என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்கள்.

மறுநாள் சென்டருக்குப் போனதும் பையைக்கூட வைக்காமல் உள்ளே நுழைந்தேன்.

"ஏன் சார் பொய் சொன்னீங்க?"

அவர் திரும்பினார். "நான் ஒண்ணும் சொல்லலியேம்மா. பாட்டப் பத்தித்தான..."

"அதுதான் சார் பொய். தையல் மெஷின் கதையச் சொன்னீங்களே, அது பொய்."

"அது நெஜம்மா. இன்னிக்கும் பாட்டுல கேக்கும்."

நான் கத்தியதில் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஆரோக்கியமேரி அக்கா கதவைச் சாத்தினார். அவர் ஸ்வெட்டரின் கைகளை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"படம் எடுத்து முடிச்சப்புறம் எழுந்திரிங்கன்னு சொல்லப் போனேன். உங்கப்பா படுத்துக்கினே என் கையப் புடிச்சிக்கினாரு. 'சார், உள்ள இன்னா இருந்தாலும் எம் பொண்ணுகிட்ட நல்ல பாட்டா சொல்லுங்க. பிரிஞ்சு போன கதையச் சொல்லிடாதீங்க, அவ கண்டுபுடிச்சிருவா. அவளுக்குப் பரீட்ச இருக்குது'ன்னாரு. எனக்கு ஒண்ணுமே புரியல. அப்புறம் அவருதான் எல்லாத்தயும் வெவரமா சொன்னாரு. எந்தக் கத வந்தா நல்லது, எது வந்தா கெட்டதுன்னு." எங்கள் இருவரையும் பார்த்தார். "அப்பதாம்மா எனக்கே தெரியும். நான் பேசறத நீங்கல்லாம் அப்டி கேட்டுக்கினு இருந்தீங்கன்னு."

"நீங்க வேணும்னு சொல்லலியா சார்?" என்று ஆரோக்கியமேரி அக்கா கேட்டார்.

"மனசுல வர்றதச் சொல்லுவேன் மேரி. அந்தந்த நேரத்துக்கு எது வருதோ அது." அவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், ஆளில்லாத ஸ்கேன் மெஷினைப் பார்த்தார். "அந்த வேன் டிரைவரு பொண்டாட்டிகிட்ட நான் இன்னா சொன்னேன்?"

அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து சென்டரில் நம்ம பசங்க பேச்சு நின்றுவிட்டது. மூச்சை இழுங்க, புடிங்க, விடுங்க. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. படம் எடுத்து முடிந்ததும் பின்பக்கக் கதவு வழியாகப் படியிறங்கிவிடுவார். அழுகிறவர்கள் மூடிய கதவைப் பார்த்து அழுதார்கள். அக்கா தன்னாலான மட்டும் முயன்று பார்த்தார். "சார், அந்தக் குழல்காரரு இப்ப பல்லு புடுங்கிக்கினுதான் இருக்காரா?" என்பார். "தெரியலம்மா" என்பார். தெரியாமல் இருக்காது. மேசையில் விரல் தட்டுவதையும் விட்டுவிட்டார். அவருக்கு உலகத்தோடு பேச இருந்தது ஒரே பாஷை. அதையும் மற்றவர்கள் நோய் பார்க்கப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தபின் அவர் எப்படிப் பேசுவார்?

முண்டியம்பாக்கத்துக்கு அப்பாவை நான் அழைத்துப் போகத் தொடங்கினேன். என்னோடு வரும்போது அப்பா வரிசையில் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"சாரு வர்லியா?"

"நான்தான் வந்துருக்கனேப்பா."

"நீ வந்தது சரி. கத பாதியில நிக்குது." நம்ம பசங்களின் மிகப் பெரிய பாட்டுக்கு ஏழு துண்டாம். ஏழையும் எழுதி, பெயரும் வைத்து, ரெக்கார்டின் அட்டையிலும் அச்சடித்துவிட்டு, ஆறை மட்டும் பாடியிருக்கிறார்கள். ஏழாவதை ஏன் பாடவில்லை என்று அடுத்த முறை சொல்வதாக அவர் சொல்லியிருக்கிறார். அந்த அடுத்த முறை வரவில்லை.

"நெட்ல பாத்து நான் சொல்லட்டாப்பா?"

"வேணாம் பாப்பா. நெட்டு இன்னா அவரு மாதிரி சொல்லுமா? அவரே வந்து சொல்லட்டும்."

நான் அவரிடம் போய்க் கேட்டேன். அந்தச் சண்டைக்குப் பிறகு வேலைக்கு அப்பாற்பட்டு நாங்கள் பேசியது அப்போதுதான். பின்பக்கப் படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அப்பா உங்கள எதிர்பாத்துக்கினு இருக்காரு. ஒரு தபா வந்து அந்த மீதிக் கதையச் சொல்லிட்டுப் போங்க."

அவர் டம்ளரையே பார்த்தார். "இப்ப நான் எதச் சொன்னாலும் அவரு அத வேற மாதிரிதாம்மா எடுத்துப்பாரு. ஏழாவது துண்ட ஏன் பாடலன்னு சொன்னா, தனக்குத்தான் சொல்றேன்னு நெனச்சிக்குவாரு. நல்லதா ஒரு பொய் கட்டிச் சொல்லலாம்னா, நம்ம பசங்களப் பத்தி நான் பொய் சொன்னதில்ல." டீயைப் பாதியில் கொட்டிவிட்டு உள்ளே போனார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த இயற்பியல் உதவவில்லை.

மருந்து அப்பாவுக்கு வேலை செய்யவில்லை. மல்லாட்டை வரத்து தொடங்கி, மார்க்கெட்டில் மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்த சமயத்தில் அவர் போய்விட்டார். கூட வேலை பார்த்தவர்கள் பாடையைத் தூக்கினார்கள். ஸ்கேன் சென்டர் சார் திண்டிவனத்திலிருந்து வந்து ஷாமியானாவின் ஓரத்தில் நின்றார், அந்த வெயிலிலும் ஸ்வெட்டரோடு. எங்கள் சொந்தக்காரர்கள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வாய் திறந்து அவர் ஏதாவது ஒன்று, ஆர்கன் விழுந்த கதையையாவது சொல்ல மாட்டாரா என்று எனக்கு இருந்தது. அம்மா அவர் எதிரில் போய் நின்று கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார். எடுத்ததும் கிளம்பிவிட்டார்.

அடுத்த மாதமே சென்டர் வேலையை விட்டார். வளவனூரில் புதிதாகத் திறந்த ஒரு சின்ன லேப்பில் எக்ஸ்-ரே எடுக்கப் போய்விட்டதாக ஆரோக்கியமேரி அக்கா சொன்னார். "அங்கயும் பேசறதில்லியாம்டி. ஊமைன்னு நெனச்சிக்கினாங்களாம்" என்றார்.

தேர்வு முடிவு வந்தது. அப்பா எதற்காக அந்தக் கதையைக் கேட்டு வாங்கினாரோ, அது கிடைத்தது. விழுப்புரத்தில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறேன். பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்தைப் போட்டுக் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் கை கொஞ்சம் நின்றுதான் நகர்கிறது.

போன சனிக்கிழமை பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறி வளவனூரில் இறங்கினேன். லேப் ஒரு பாத்திரக்கடைக்குப் பின்னால் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண், "எக்ஸ்-ரேவா, பிளட்டா?" என்று கேட்டாள். "ரெண்டும் இல்ல. சாரப் பாக்கணும்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஜன்னல் இல்லாத அறை. ஃபேன் மட்டும்தான், ஏசி கிடையாது. ஸ்வெட்டர் இல்லாமல் அவரை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். தோள்கள் ஒடுங்கி வேறு யாரோபோல இருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"யாருக்கும்மா? அம்மாவுக்கா?"

"அம்மா நல்லா இருக்காங்க. எனக்கும் ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "நீங்க எதச் சொன்னாலும் நான் அத அதுவாத்தான் கேப்பேன். ஏழாவது துண்ட ஏன் பாடாம உட்டாங்க?"

அவர் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோயாளிகள் சட்டை மாட்டும் ஆணிக்குக் கீழே ஒரு ஸ்டூல் கிடந்தது. அதை அவர் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.